முதலை போட்ட பனியனுக்கு 3,800 ரூபாய் கொடுத்தேன், நீங்கள் கொடுக்காதீர்கள்

"எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், ஒரிஜினல் பிராண்ட்" என்று போர்டு மாட்டிய கடையில் துணி எடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடைப் பெயரை எழுதவில்லை. அவர்கள் ஏமாற்றும் விதம் தெரிந்தால் எந்தக் கடையிலும் பிடித்துவிடலாம்.

அக்கா மகன் இந்த வருடம் கோவையில் இன்ஜினியரிங் சேர்ந்தான். முதல் வாரமே போன் செய்தான். "மாமா, கிளாஸ்ல எல்லாரும் பிராண்டட் போட்டுட்டு வராங்க. என் சட்டையப் பார்த்து இது என்ன பிராண்டுன்னு கேக்கறாங்க." அந்தக் குரல் எனக்குத் தாங்கவில்லை. காதுகுத்திலிருந்து கல்யாணம் வரை தாய்மாமன் துணி எடுத்துத் தருவது நம் பக்கத்து முறை. சனிக்கிழமை காந்திபுரம் பக்கம் ஒரு கடைக்குக் கூட்டிப்போனேன்.

நெஞ்சில் பச்சை முதலை போட்ட காலர் பனியன். அட்டையில் விலை 6,500. "திருப்பூர்ல அந்தக் கம்பெனிக்கே தைக்கறதுங்ணா, மிச்சம் விழுந்த சரக்கு. உங்களுக்கு 1,900" என்றார் கடைக்காரர். இரண்டு எடுத்தோம். பில் கேட்டதற்கு, "பனியன் 2, 3,800" என்று மட்டும் எழுதிய துண்டுச் சீட்டைக் கொடுத்தார்கள். தேதி போட்டு கடை சீல் வைத்திருந்தது. பிராண்ட் பெயர் இல்லை. கூட்டம் நெரித்ததில் அதை நான் கவனிக்கவில்லை.

ஒரே துவைப்புதான். பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுக்கு முன்னால் வந்துவிட்டது. உயரம் இரண்டு விரல் குறைந்துபோனது. பக்கெட் தண்ணீர் முழுக்க நீலம்.

அக்கா திருப்பூர் பனியன் கம்பெனியில் 14 வருடமாகச் செக்கிங்கில் இருக்கிறார். பனியனைக் கையில் வாங்கியதும் முதலையைப் பார்க்கவே இல்லை, உள்பக்கம் திருப்பினார். துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் தையல் முழுக்கப் பிசிறு. தோள் தையல் இழுபடாமல் இருக்க வைக்கும் டேப் இல்லை. பட்டன் பட்டியின் அடியில் நூல் வெட்டாமல் தொங்கியது. "துணியப் பிரிச்சு ஆற விடாம, காம்பாக்டிங்கும் சரியாப் பண்ணாம வெட்டிருக்காங்க கண்ணு, அதான் முறுக்குது" என்றார். காம்பாக்டிங் என்றால் துவைத்தபின் சுருங்காமல் இருக்கத் துணியை முன்கூட்டியே அழுத்திச் சுருக்குவது. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினார். பருத்தி நூல் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். இது சுருண்டு, கடுகு போல் கெட்டியாக உருண்டு நின்றது. லேபிளில் போட்டிருந்ததோ நூறு சதவீதம் காட்டன்.

சர்ப்ளஸ் பற்றியும் அக்காதான் சொன்னார். ஆர்டருக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகத்தான் வெட்டுவார்கள். அனுப்பியது போக நிற்பதுதான் சர்ப்ளஸ். அதை வெளியே விற்கும்போது பெரும்பாலும் கழுத்து லேபிளை வெட்டிவிடுவார்கள், இல்லையென்றால் கோடு கிழித்துவிடுவார்கள். சைஸும் கலரும் ஒழுங்காகக் கிடைக்காது. லேபிள், அட்டை, பாலிபேக் எல்லாம் புத்தம் புதிதாக, எஸ் முதல் டபுள் எக்ஸ்எல் வரை எல்லாக் கலரிலும் அடுக்கி வைத்திருந்தால் நம்பாதீர்கள். லேபிளும் அட்டையும் தனியே அடித்து வாங்கக்கூடியவை.

அந்த முதலை ரெனே லகோஸ்த் என்ற பிரெஞ்சு டென்னிஸ் வீரரின் பட்டப்பெயர். 1933இல் அவர் கம்பெனி தொடங்கி அதையே சட்டையில் போட்டார். அவர் போட்டது பிக்கே துணி, தொட்டால் சொரசொரவென்று இருக்கும். எங்களுக்குக் கிடைத்தது வழவழவென்ற சிங்கிள் ஜெர்ஸி, சாதாரண பனியன் துணி. இதையெல்லாம் மாப்பிள்ளையிடம் சொன்னபோது, "அப்போ அது இன்னொருத்தர் பேரு, இல்லீங்களா மாமா" என்று கேட்டான்.

கடைக்குத் திரும்பப் போனேன். "துவைச்சதை எடுக்க மாட்டோம்ணா. பிராண்டுன்னு சீட்டுல எழுதியிருக்கா?" என்றார். சீட்டில் ஏன் எழுதவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. பிராண்ட் பெயர், விலை, தேதியோடு பில் போடாத கடையில் பர்ஸைத் திறக்காதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்கப் பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் கணக்கு. "ரிட்டர்ன் கிடையாது" என்று சுவரில் ஒட்டியிருப்பதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிவு செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவே அவனைத் திருப்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காதர்பேட்டைக்குக் கூட்டிப்போனார். துணியை விரலுக்கு நடுவே தேய்த்து, உள்பக்கம் திருப்பிப் பார்த்து, லேபிள் வெட்டிய பனியன் நான்கு எடுத்தார். மொத்தம் 960 ரூபாய். கரும்பச்சையை அவனே தேர்ந்தெடுத்தான். இதுவரை ஐந்து முறை துவைத்தாயிற்று, தையல் இருந்த இடத்தில் இருக்கிறது.

1915இல் புகார் பதிந்துவிட்டேன். இரண்டாவது முதலைப் பனியனை அட்டை கழற்றாமல், துவைக்காமல், அந்தத் துண்டுச் சீட்டோடு பையில் வைத்திருக்கிறேன்.