நகரி பஜாரில் ஒரு பழைய பட டிவிடி கடை

வண்டியிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்து, புத்தூரில் கட்டுப் போட்டுக்கொண்டு மூன்று வாரம் வீட்டோடு கிடந்தேன். நாற்பது வயசாகியும் நான் ‘மாயாபஜார்’ பார்த்ததே இல்லை என்கிற விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. பந்தியில் யாராவது நாலாவது தடவை சோறு கேட்டால் ‘கல்யாண சமையல் சாதம்’ பாடிக் கிண்டல் செய்கிறவன், படம் பார்த்ததில்லை. அத்தை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

மச்சான்தான் இந்தக் கடைக்குப் போனான். தையல் கடைக்கும் ரீசார்ஜ் கடைக்கும் நடுவில், போர்டுகூடக் கிடையாது. டிஸ்க் ஒன்று 40 ரூபாய். இந்தக் காலத்தில் டிவிடியா என்று கேட்காதீர்கள், பரணிலிருந்து பிளேயரை இறக்கித் துடைத்தோம், ஓடியது.

கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, “தமிழா, தெலுங்கா?” ஒன்று மற்றதன் டப்பிங் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். 1957இல் கே.வி. ரெட்டி இரண்டு மொழியிலும் எடுத்திருக்கிறார். கிருஷ்ணனாக என்.டி.ஆர்., கடோத்கஜனாக ரங்காராவ், சாவித்திரி எல்லாம் இரண்டிலும் அதே ஆட்கள். அபிமன்யுதான் அங்கே நாகேஸ்வர ராவ், இங்கே ஜெமினி, அப்புறம் ரேலங்கி செய்த மாப்பிள்ளை வேஷம் நமக்குத் தங்கவேலு. “ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க, வீட்டுல சண்டை வராது” என்றாராம். எங்களைப் போல அத்தை வீடு தெலுங்கு, அப்பா வீடு தமிழ் என்று இருக்கிற குடும்பங்களை நிறையப் பார்த்திருப்பார் போல. சனிக்கிழமை அத்தையோடு தெலுங்கு, ஞாயிறு தமிழ். கடோத்கஜன் பெண் வேஷத்தில் வந்து உட்காருகிற பகுதியில் சாவித்திரியின் நடையும் முறைப்பும் அப்படியே ரங்காராவ்தான், அந்த இடத்தை மட்டும் நாலு தடவை ஓடவிட்டேன். தமிழா தெலுங்கா என்றால் என் ஓட்டு தங்கவேலுவுக்கு, அத்தையிடம் சொல்லவில்லை.

இனி குறை. ‘மிஸ்ஸியம்மா’ கேட்டோம், அட்டையில் ஜெமினி சிரிக்கிறார், டிஸ்க்கைப் போட்டால் என்.டி.ஆர். வந்து நிற்கிறார். உள்ளே தெலுங்கு ‘மிஸ்ஸம்மா’. திருப்பிக் கொண்டுபோனதற்கு “சாவித்திரி ரெண்டுலயும் அவங்கதானே சார்” என்று ஒரு சமாதானம், ஆனாலும் பில் கேட்காமல் மாற்றிக் கொடுத்தார். 1953 ‘தேவதாஸ்’ அதைவிட மோசம், தேவதாஸ் பார்வதி ஊருக்குப் புறப்படுகிற இடத்தில் கட்டம் கட்டமாகி அப்படியே நின்றுவிட்டது. முடிவு ஊருக்கே தெரிந்த கதைதான், இருந்தாலும் அவன் போய்ச் சேர்வதைப் பார்க்காமல் எப்படித் தூங்குவது? வேறு காப்பி இல்லை என்று 40 ரூபாயைக் கழித்துக்கொண்டார்.

கடையிலேயே சின்ன டிவி இருக்கிறது, காசு கொடுக்கும் முன் கடைசிப் பத்து நிமிஷத்தை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், முகம் சுளிக்காமல் காட்டுகிறார். மதியம் 2 முதல் 5 வரை பூட்டு. ‘பாதாள பைரவி’க்குச் சொல்லி வைத்திருக்கிறேன், தமிழ் ஒன்று, தெலுங்கு ஒன்று.