கிராஸ்பியா, ஓவெச்கினா: கேப்டன் என்று பார்த்தால் யார்?

2005 அக்டோபர் 5 அன்று, ஒரே இரவில் இரண்டு பேர் வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல்லில் தங்கள் முதல் ஆட்டத்தை ஆடினார்கள். கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து வந்த சிட்னி கிராஸ்பிக்கு அப்போது வயது 18. மாஸ்கோவிலிருந்து வந்த அலெக்ஸாண்டர் ஓவெச்கினுக்கு 20. புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், ஓவெச்கின் 2004-லேயே முதல் ஆளாகத் தேர்வானவர். ஆனால் சம்பளத் தகராறில் அந்த சீசன் மொத்தமாக ரத்தாகிவிட, ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதாயிற்று. யார் பெரிய ஆட்டக்காரர் என்ற வாதம் அன்றே தொடங்கிவிட்டது.

கோல் கணக்கில் வாதத்துக்கே இடமில்லை. 2025 ஏப்ரல் 6 அன்று 895-வது கோலை அடித்து, யாராலும் தொட முடியாது என்று நினைத்திருந்த பழைய ஜாம்பவான் வெய்ன் கிரெட்ஸ்கியின் 894-ஐ ஓவெச்கின் தாண்டினார். அதே சீசனில் கால் எலும்பு முறிந்து 16 ஆட்டங்களைத் தவறவிட்டவர், 39 வயதில் 44 கோல் அடித்து முடித்தார். அந்தச் சாதனை கோலும் அவருடைய வழக்கமான இடத்திலிருந்துதான் போனது: எதிரணியில் ஒருவர் தண்டனையில் வெளியே உட்கார்ந்திருக்கும் பவர் பிளே நேரத்தில், இடப்பக்க வட்டத்திலிருந்து ஓர் அடி. அவர் அங்கேதான் நிற்பார் என்று லீகில் எல்லா கோல்கீப்பருக்கும் தெரியும். தெரிந்தும் இருபது வருடமாகத் தடுக்க முடியவில்லை.

இருவரின் மட்டையைப் பார்த்தாலே ஆட்டம் புரிந்துவிடும். ஓவெச்கினுடைய மட்டையின் அலகு நன்றாக வளைந்திருக்கும். பக் (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) சீறிக்கொண்டு போவதற்காக. கிராஸ்பியினுடையது கிட்டத்தட்ட நேராக இருக்கும். அதனால் மட்டையின் பின்பக்கத்தாலும் அவரால் குறி தவறாமல் பாஸ் கொடுக்க முடிகிறது. எதிராளி இரண்டு பக்கமும் காவல் காக்க வேண்டும். அந்தக் குழப்பத்தில் கிராஸ்பிக்குப் பக்கத்தில் ஆடுபவருக்கு இடம் கிடைத்துவிடும். கிறிஸ் கூனிட்ஸ், பாஸ்கல் டூபுயி, ஜேக் கென்ட்செல் என்று அவரோடு ஆடி உயர்ந்தவர்கள் பலர். என்னைப் பொறுத்தவரை கேப்டன் என்ற சொல்லுக்குக் கனம் சேர்ப்பது இதுதான்.

பிட்ஸ்பர்க் பென்குயின்ஸ் 2007-ல், 19 வயதிலேயே கிராஸ்பியைக் கேப்டனாக்கியது. வாஷிங்டன் கேப்பிடல்ஸ் 2010 ஜனவரியில் ஓவெச்கினுக்கு அந்தப் பொறுப்பைக் கொடுத்தது. லீக் சுற்றுக்குப் பிறகு நடக்கும் நாக்அவுட் தொடர்களான பிளே ஆஃபில், இவர்கள் காலத்தில் இரு அணிகளும் நான்கு முறை மோதின: 2009, 2016, 2017-ல் பிட்ஸ்பர்க் வென்றது, 2018-ல் வாஷிங்டன். நான்கு முறையும் வென்ற அணியே அந்த வருட என்எச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியது. 2009 தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் இருவருமே ஆளுக்கு மூன்று கோல் அடித்தார்கள். அன்றைய ஆட்டம் வாஷிங்டனுக்கு, ஏழு ஆட்டத் தொடர் பிட்ஸ்பர்க்குக்கு.

கிராஸ்பிக்கு மூன்று கோப்பை, ஓவெச்கினுக்கு ஒன்று என்று எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லைதான். கிராஸ்பி பக்கத்தில் மால்கின் என்ற இன்னொரு நட்சத்திரம் இருந்தார், பின்னால் ஃப்ளூரி கோல் காத்தார். நாட்டுக்காக ஆடியதைப் பார்த்தாலும் ஓவெச்கினிடம் மூன்று உலக சாம்பியன்ஷிப் தங்கம் உண்டு. ஒலிம்பிக் பதக்கம்தான் கைகூடவில்லை. கிராஸ்பியோ 2010 வான்கூவர் இறுதி ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், பலகை ஓரம் நின்ற சக ஆட்டக்காரர் இகின்லாவைப் பார்த்து "இக்கி!" என்று கத்திப் பக்கை வாங்கி, அமெரிக்காவுக்கு எதிரான தங்க கோலை அடித்தார். 2014 சோச்சியில் கேப்டனாகவே இன்னொரு தங்கம்.

உடம்பு விஷயத்தில் ஓவெச்கினுக்குத்தான் முழு மதிப்பெண். 2011 ஜனவரியில் தலையில் வாங்கிய அடிகளால் கிராஸ்பி பத்து மாதத்துக்கு மேல் ஆடவில்லை. அந்த நவம்பரில் திரும்பி வந்து முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோலும் இரண்டு அசிஸ்ட்டும் (கோலுக்கு வழிவகுத்த பாஸ்) எடுத்தார். அப்புறம் சில வாரங்களிலேயே மீண்டும் உட்கார வேண்டி வந்தது. அந்த நாட்கள் இல்லாமல் இருந்திருந்தால் என்று இன்றும் மனது அடித்துக்கொள்கிறது.

அப்படியிருந்தும் என் ஓட்டு கிராஸ்பிக்கே. அதற்குச் சம்பளமும் ஒரு காரணம். என்எச்எல்லில் ஒரு அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. நட்சத்திரம் அதிகம் எடுத்தால் மற்றவர்களுக்குக் குறையும். 2008-லிருந்து கிராஸ்பியின் கணக்கு வருடத்துக்கு 87 லட்சம் டாலர்தான். லீகில் சம்பளமெல்லாம் எங்கோ ஏறிய பிறகும் அது நகரவே இல்லை. 2023-லும் 2024-லும் பிட்ஸ்பர்க் பிளே ஆஃபுக்கே போகவில்லை. வேறு அணிக்குப் போய் இன்னொரு கோப்பை வெல்லட்டும் என்று பலர் பேசினார்கள். 2024 செப்டம்பரில் அவர் அதே 87 லட்சத்துக்கு, அதே அணியோடு இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அந்த சீசனிலும் ஆட்டத்துக்கு ஒரு புள்ளிக்கு மேல் எடுத்தார் (கோலுக்கும் அசிஸ்ட்டுக்கும் தலா ஒரு புள்ளி). தொடர்ந்து இருபது சீசன் அப்படி எடுத்தவர் வேறு யாரும் இல்லை. கிரெட்ஸ்கியே பத்தொன்பதோடு நின்றவர்.