டில்லியில் ஓடியாடும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஏர் ப்யூரிஃபையர் வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அதை ஹாலில் வைக்காதீர்கள், பிள்ளைகள் தூங்கும் அறையில் வையுங்கள். எங்கள் வீடு ஆர்.கே.புரத்தில், இரண்டு படுக்கையறை, பழைய கட்டடம், ஜன்னல் சட்டமெல்லாம் இடைவெளி. பெரியவள் ஆறாம் வகுப்பு, பள்ளிக் கால்பந்து அணியில் இருக்கிறாள். சின்னவன் மூன்றாம் வகுப்பு, ஸ்கேட்டிங் போகிறான், அது இல்லாத நாளில் கீழே சைக்கிள். நவராத்திரியில் தொடங்கி குளிர் முடியும்வரை இரண்டு வருஷம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கம்பெனி பெயரை விட்டுவிட்டேன், ஏனென்றால் மாடல்கள் அடிக்கடி மாறுகின்றன, நான் வாங்கியது நீங்கள் தேடும்போது கடையில் இருக்குமோ என்னவோ. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது மாறுவதில்லை.

இந்த ஊரில் பிள்ளை வளர்ப்பவர்களுக்குத் தெரியும், செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் நடுவரை வீடு வீடாக இருக்காது. மிட் டேர்ம் பரீட்சை முடிந்த கையோடு நவராத்திரி, பரணிலிருந்து பொம்மைப் பெட்டிகளை இறக்க வேண்டும், சாயங்காலம் முனிர்காவில் ஒரு வீடு, சரோஜினி நகரில் ஒரு வீடு என்று வெற்றிலை பாக்குக்குப் போக வேண்டும், நடுவில் ராம்லீலா பார்க்கணும் என்று சின்னவன், ஸ்போர்ட்ஸ் டேக்கு விடிகாலைப் பயிற்சி என்று பெரியவள். அப்புறம் தீபாவளி, அது முடிந்ததும் கந்த சஷ்டி, மலை மந்திரில் சூரசம்ஹாரம், நவம்பர் 14 குழந்தைகள் தினத்துக்கு டான்ஸ் ஒத்திகை. வருஷத்திலேயே பிள்ளைகள் அதிகமாக வெளியே ஓடும் வாரங்கள் இவைதான். காற்று கெடுவதும் சரியாக இதே வாரங்களில்தான்.

காரணம் ஒன்றல்ல. செப்டம்பர் கடைசி வாக்கில் பருவமழை விலகுகிறது, துகள்களைக் கழுவ மழை இல்லை. காற்றின் வேகம் குறைகிறது. இரவு குளிரத் தொடங்கியதும் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மேல் சூடான காற்று மூடி போலப் படுத்துக்கொள்கிறது, கீழே உள்ள புகை மேலே போக வழியில்லை. அக்டோபர் நடுவிலிருந்து பஞ்சாப், ஹரியானாவில் நெல் அறுத்த தாளைக் கொளுத்துகிறார்கள், கோதுமை விதைக்க அவர்களுக்கு இருக்கும் அவகாசம் சில வாரங்கள்தான். அதன் மேல் பட்டாசு. வண்டிப் புகையும் கட்டுமானத் தூசியும் வருஷம் முழுக்க இருக்கவே இருக்கின்றன. ஓடுகிற பிள்ளை உட்கார்ந்திருக்கும் பிள்ளையைவிடப் பல மடங்கு காற்றை இழுக்கிறது, அதுவும் வாய் வழியாக, மூக்கு செய்யும் கொஞ்சநஞ்ச வடிகட்டலும் அங்கே கிடையாது. அதனால் சோம்பேறிப் பிள்ளையைவிட விளையாட்டுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்குத்தான் இந்தக் கவலை அதிகம்.

மைதானத்துக்கு நாம் எதுவும் செய்ய முடியாது. ஆனால் பிள்ளைகள் ஒரு நாளில் ஒன்பது பத்து மணி நேரம் தூங்குகிறார்கள். அந்த நேரத்துக் காற்றைச் சுத்தமாக வைக்க முடிந்தால் ஒரு நாளின் ஐந்தில் இரண்டு பங்கைக் காப்பாற்றிவிட்டோம். நான் பணம் கொடுத்தது இந்தக் கணக்குக்குத்தான்.

சரி, மெஷினுக்கு வருவோம். கடையில் ஆப், வைஃபை, வண்ண விளக்கு, ஏழு அடுக்கு வடிகட்டி என்று அடுக்குவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது சி.ஏ.டி.ஆர். என்ற ஒரே எண்ணை. ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்றைத் தருகிறது என்பதுதான் அது. எங்கள் பிள்ளைகள் அறை 12-க்கு 12 அடி, உயரம் 10 அடி. மொத்தம் 1440 கன அடி, அதாவது சுமார் 41 கன மீட்டர். டில்லி மாதிரி ஊரில் அறைக் காற்று முழுவதும் மணிக்கு ஐந்து தடவையாவது வடிகட்டி வழியாகப் போய் வர வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 205 தேவை. 200-க்கு மேல் எழுதியிருந்தால் போதுமே என்று தோன்றும். போதாது. பெட்டியில் அச்சடிக்கும் எண் மெஷின் முழு வேகத்தில் ஓடும்போது கிடைப்பது, அந்தச் சத்தத்தில் எந்தப் பிள்ளையும் தூங்காது. ஸ்லீப் மோடில் போட்டால் காற்று மிகவும் குறைந்துவிடும், பல மாடல்களில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அதனால் தேவைக்கு இரண்டு மடங்குக்கு மேல் திறன் உள்ளதை வாங்கி நடு வேகத்தில் ஓட்டுங்கள். எங்களுடையது 400-க்குக் கொஞ்சம் மேலே, நடு வேகத்தில் மின்விசிறிச் சத்தம்தான், பழகிவிட்டது.

வடிகட்டியில் ஹெபா எச்13 என்று போட்டிருக்க வேண்டும், ஹெபா என்பது மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் வடிகட்டி வகை. பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவுள்ள துகளிலும் 99.95 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அந்தத் தரம். 'ஹெபா டைப்', 'ஹெபா போன்ற' என்று எழுதியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். ஐயோனைசர் (காற்றில் மின்னேற்றம் விடும் பகுதி) இருந்தால் அதை அணைக்க முடிகிறதா என்று பாருங்கள், சில வகைகள் ஓசோனை உண்டாக்கும், பிள்ளைகள் நுரையீரலுக்கு அது ஆகாது. நாங்கள் அந்தப் பட்டனைத் தொடுவதே இல்லை.

என்ன வித்தியாசம் தெரிந்தது? தீபாவளிக்கு அடுத்த இரவுகளில் கதவைச் சாத்தும்போது அறையில் பி.எம். 2.5, அதாவது 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான நுண்துகள், 180, 200 என்று இருக்கும். அரை மணியில் 40-க்கு இறங்கும், காலையில் பார்த்தால் 20, 25. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன 24 மணி நேர அளவு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம், நம் நாட்டுத் தரம் 60. பதினைந்துக்கு வர இந்தப் பழைய ஜன்னல்கள் விடவில்லை. கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை ஒட்டி, ஜன்னல் இடுக்கில் ஃபோம் டேப் அடைத்த பிறகுதான் இந்த அளவுக்காவது வந்தது. சில நூறு ரூபாய் வேலை, ஆனால் அதைச் செய்யாமல் விலை உயர்ந்த மெஷினை ஓட்டிப் பலனில்லை. பெரியவளுக்கு நவம்பர் முழுக்க ராத்திரி வறட்டு இருமல் இருக்கும், இரண்டு வருஷமாக அது நன்றாகக் குறைந்திருக்கிறது. அது மெஷினால்தான் என்று டாக்டர் மாதிரி உறுதியாகச் சொல்ல மாட்டேன், இடுக்குகளை அடைத்தது, சமையல் நேரத்தையும் பயிற்சி நேரத்தையும் மாற்றியது எல்லாம் சேர்ந்தும் இருக்கலாம்.

நம் சமையலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். முதல் வருஷம் நவராத்திரிக்கு மாமியார் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். கொலுவுக்குச் சாம்பிராணி போட்டதும் அடுத்த அறையில் மெஷின் சிவப்பாகி முழு வேகத்தில் கத்தத் தொடங்கியது. "ஏம்மா, சாமிக்குப் போட்ட புகையைக்கூடவா இது குத்தம் சொல்றது?" என்று கேட்டார், பாவம், அவருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. சுண்டலுக்குக் கடுகு, மிளகாய் தாளித்தாலும் அப்படித்தான், தோசைக்கல் புகைந்தாலும் அப்படித்தான். மெஷின் தப்பாகக் காட்டவில்லை, அவையும் நுண்துகள்கள்தான். நாங்கள் சாம்பிராணியை நிறுத்தவில்லை. மத்தியானம், வெளிக்காற்று கொஞ்சம் தேவலையாக இருக்கும் நேரத்தில், பால்கனிக் கதவைத் திறந்து வைத்துப் போடுகிறோம், பிள்ளைகள் அறைக் கதவு சாத்தியிருக்கும். தாளிக்கும்போது எக்ஸாஸ்ட் கட்டாயம் ஓட வேண்டும். ராத்திரி சமையலை ஏழரைக்குள் முடித்துவிட்டால் படுக்கப் போகும்போது அறை தயாராக இருக்கிறது. மாமியாரே இரண்டாம் வருஷம் "கதவைச் சாத்துடா, காத்து போயிடும்" என்று சின்னவனை விரட்டினார்.

ஹாலில் இதை வைத்துப் பலனில்லை என்று நான் சொல்வதும் இதனால்தான். எங்கள் ஹால் சமையலறையோடு சேர்ந்தது, நவராத்திரியில் வாசல் கதவு மூடுவதே இல்லை. அங்கே எத்தனை மெஷின் வைத்தாலும் டில்லியை வடிகட்டும் வேலைதான் அது.

நவம்பரில் இன்னொரு சிக்கல் வரும். காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டினால் கிராப் திட்டத்தின் (காற்று கெடக் கெடக் கட்டுப்பாடுகளைப் படிப்படியாகக் கூட்டும் அரசுத் திட்டம்) மூன்றாம் கட்டம், ஐந்தாம் வகுப்பு வரை பள்ளி நேரிலும் ஆன்லைனிலும் நடக்கும் ஹைப்ரிட் முறைக்குப் போகும், 450-ஐத் தாண்டினால் நான்காம் கட்டம், பெரிய வகுப்புகளும் வீட்டுக்கு வரலாம். 2024 நவம்பர் 18-ஆம் தேதி குறியீடு 494-ஐத் தொட்டது, அந்த வாரம் இரண்டு பேருமே வீட்டில். ஓடியாடும் இரண்டு பிள்ளைகளை ஒரே அறையில், கதவு ஜன்னல் சாத்தி, லேப்டாப் முன்னால் உட்கார வைத்துப் பாருங்கள். ப்யூரிஃபையர் துகளைத்தான் பிடிக்கும், கார்பன் டை ஆக்ஸைடைப் பிடிக்காது. மூடிய அறையில் இரண்டு பேர் குதித்தால் ஒரு மணி நேரத்தில் காற்று கனத்துவிடும், தலைவலி, தூக்கக் கலக்கம், பாடத்தில் கவனம் இராது. மத்தியானம் ஒரு மணியிலிருந்து நான்குக்குள், வெயிலில் காற்று மேலெழும்பிக் கலந்து துகள் அளவு பெரும்பாலும் குறைந்திருக்கும் நேரத்தில், பத்து நிமிஷம் ஜன்னலைத் திறந்துவிட்டு மறுபடி சாத்தி மெஷினை முழு வேகத்தில் வைக்கிறோம். வகுப்புகளுக்கு நடுவில் கதவைத் திறந்து வைத்தால்கூடப் போதும்.

விளையாட்டை முழுக்க நிறுத்த எனக்கு மனசில்லை. மெஷின் வாங்கியதில் கிடைத்த உபரி லாபம், எண்களைப் பார்க்கும் பழக்கம் வந்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் ஆப்பில் எங்கள் ஆர்.கே.புரம் நிலையத்தின் அளவே வருகிறது, ஊர் சராசரியைப் பார்க்க வேண்டியதில்லை. விடிகாலை ஆறு மணி பெரும்பாலும் மோசமான நேரங்களில் ஒன்று. அதைக் காட்டிப் பெற்றோர்கள் நாலைந்து பேர் கோச்சிடம் பேசினோம், அக்டோபர் நடுவிலிருந்து பயிற்சியைப் பள்ளி முடிந்ததும் மூன்று மணிக்கு மாற்றினார். குறியீடு 300-க்கு மேல் போனால் ஓட்டம் இல்லை, உள்ளே பந்தைக் கட்டுப்படுத்தும் பயிற்சி மட்டும். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே இந்த மாதங்களில் பள்ளி விளையாட்டுப் போட்டிகளைப் பாதுகாப்பான மாதங்களுக்குத் தள்ளி வைக்கப் பரிசீலிக்கச் சொன்னது. பெரியவள் அன்று அழுதாள், ஒரு வருஷம் இதற்காக ஓடியவள் அவள், அந்த அழுகையும் நியாயம்தான். எட்டு வயதிலும் பதினொரு வயதிலும் பிள்ளைகள் இதற்கு விலை கொடுப்பது எனக்குக் கோபமாகவே இருக்கிறது.

குறைகள். வடிகட்டி விலை முதல் செலவைவிட முக்கியம். வாங்கும்போதே மாற்று வடிகட்டி என்ன விலை, இங்கே கிடைக்கிறதா என்று கேளுங்கள். எங்களுக்கு ஒரு சீசனுக்கு ஒன்று தேவைப்படுகிறது, வெளிநாட்டு ஆயுள் கணக்கெல்லாம் இங்கே செல்லாது. நவம்பரில் ஆர்டர் செய்தபோது வாரக்கணக்கில் வரவில்லை, வாடிக்கையாளர் சேவையில் ஒவ்வொரு தடவையும் வேறு பதில். முன்பக்க வலையை வாரம் ஒரு தடவை வாக்குவம் செய்ய வேண்டும், விட்டால் தூசி பஞ்சு மாதிரி அடைத்துக்கொள்ளும். உள்ளே உள்ள சென்சார் தன் பக்கத்துக் காற்றைத்தான் அளக்கிறது, கட்டிலருகே கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். ஆப் தேவையே இல்லை. கரண்ட் பற்றிக் கவலை வேண்டாம், 45 வாட் மெஷின் நாள் முழுக்க ஓடினாலும் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல்.

வீசிங் இருக்கும் பிள்ளை என்றால் மெஷினை நம்பி மருந்தை விட்டுவிடாதீர்கள், அக்டோபருக்கு முன்பே டாக்டரைப் பார்த்து இன்ஹேலர் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்துக்குப் பிள்ளைகள் அளவு என்95 மாஸ்க், கன்னத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு ஓடச் சொல்லாதீர்கள், முடியாது.

வாங்குவதாக இருந்தால் ஆகஸ்டில் வாங்குங்கள், மாற்று வடிகட்டியையும் அப்போதே சேர்த்து. வானம் பழுப்பாகிச் செய்தியில் வந்த பிறகு நல்ல மாடல்கள் தீர்ந்துவிடும், மிஞ்சியதற்குத் தள்ளுபடியும் இருக்காது. அடுத்த வருஷம் எங்கள் அறைக்கும் ஒன்று வாங்க நினைத்திருக்கிறோம். அதுவரை பிள்ளைகள் அறையில் பாயை விரித்து நாலு பேரும் அங்கேயே படுக்கிறோம்.