பர்ஸில் ஐசி இல்லாமல் நான்கு வருடம்

சிங்கப்பூர் அரசாங்க அலுவலகங்களில், அரசாங்கத்தின் சிங்பாஸ் செயலியில் உள்ள மின்னிலக்க ஐசியை (அடையாள அட்டையை) காட்டினாலே போதும் என்பது 2021 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த வாரமே அசல் அட்டையை அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டேன். நூலகம், பலதுறை மருந்தகம் எங்கேயும் இதுவரை சிக்கல் வந்ததில்லை.

வங்கிதான் விளையாட்டுக் காட்டியது. 2022-ல் கடைக் கணக்கில் கையெழுத்து மாற்ற ஒரு கிளைக்குப் போனேன், ஒரு மணி நேரம் வரிசை. கவுன்டரில் இருந்த பெண் என் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் நகல் எடுக்கணுமே சார்" என்றார். கைப்பேசிக்கு ஏது பின்பக்கம்? ஈசூனில் இருக்கும் வீடு வரை போய் அட்டையை எடுத்து வருவதற்குள் கிளையை மூடிவிட்டார்கள். எரிச்சல்தான், ஆனாலும் அவர்மேல் தப்பில்லை. அந்த நடைமுறை அரசாங்க அலுவலகங்களுக்கானது. தனியார் ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம்.

வேடிக்கை என்னவென்றால், அடுத்த வருடம் அதே வங்கியில் இன்னொரு கணக்கை வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டே திறந்தேன். சிங்பாஸோடு இணைந்த தகவல் சேவையான மைஇன்ஃபோவில் நான் சம்மதம் கொடுத்ததும் பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் அரசாங்கப் பதிவிலிருந்து நேராக வங்கிக்குப் போய்விட்டது. மைஇன்ஃபோ இருந்தால் அடையாளத்துக்கு வேறு ஆவணம் தேவையில்லை என்று சிங்கப்பூரின் மத்திய வங்கியான நாணய ஆணையம் 2018-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. என்னைக் கேட்டால், திரையை நீட்டிக் காட்டுவதுதான் இதில் இருப்பதிலேயே பலவீனமான முறை.

ஏன் சொல்கிறேன் என்றால், மற்றவர்களின் ஐசியைச் சரிபார்க்கும் பக்கத்திலும் நான் நிற்கிறேன். தேக்காவில் எங்கள் துணிக்கடையில் கல்யாண ஷெர்வானி வாடகைக்கும் விடுகிறோம். முன்பு வாடிக்கையாளரின் ஐசியையே வாங்கி வைத்துக்கொள்வோம், 2019 செப்டம்பர் 1 முதல் அப்படிச் செய்யக்கூடாது. இப்போது பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். ஒருநாள் ஒரு தம்பி திரையைக் காட்டினார், படம், பெயர் எல்லாம் சரி, ஆனால் கைப்பேசியைச் சாய்த்தால் மின்ன வேண்டிய சிங்கச் சின்னம் மின்னவே இல்லை. கடையில் மணி மாலை நான்கு, அவர் திரையிலோ காலை நேரம். ஸ்கிரீன்ஷாட்! செயலியைத் திறங்கள் என்றதும் சார்ஜ் இல்லை என்றார். சரி, 200 வெள்ளி முன்பணம் வையுங்கள் என்றேன், போனவர் திரும்பவில்லை.

என் மனைவி கதை வேறு. நீண்டகால வருகை அனுமதியில் இருக்கிறார். 2023 பிப்ரவரி 27 முதல் அதற்கு அட்டையே அச்சடிப்பதில்லை, எல்லாம் மின்னிலக்கம்தான். அது தெரியாமல் ஒரு சிம் கார்டு கடையில் "அசல் அட்டை எங்கே?" என்று மூன்று முறை கேட்டார்கள். இல்லாத அட்டையை எங்கிருந்து கொண்டு வருவது? மேலாளர் வந்துதான் முடிந்தது.

சப்ளையர் ஒப்பந்தங்களுக்குச் சிங்பாஸ் கையொப்பம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. போன மாதம் அப்பா உயில் எழுதினார். சிங்பாஸைத் தமிழிலேயே வைத்துப் பழகியவர், இதையும் அதிலேயே போட்டுவிடலாமே என்றார். முடியாது, மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் உயிலை விலக்கி வைத்திருக்கிறது. காகிதம், பேனா, இரண்டு சாட்சிகள். வழக்கறிஞர் அப்பாவின் அசல் ஐசியையும் கேட்டார். அதுவும் என்னுடையதோடு அதே அலமாரியில்தான் இருந்தது, சாவியைத் தேடவே அரை மணி நேரம் ஆனது.