ரோத்தங் என்று சொல்லிச் சுரங்கத்துக்குள் கூட்டிப்போனார்கள்: மணாலி போகிறவர்கள் கவனத்துக்கு

மணாலியில் ரோத்தங் கணவாய்க்கென்று பணம் வாங்கிக்கொண்டு வேறெங்கோ இறக்கிவிடுகிறார்கள். மே கடைசியில் நாங்கள் குடும்பத்தோடு போனபோது நடந்தது இது.

மால் ரோட்டில் ஒரு டிராவல்ஸ். கார் வாடகை போக, ரோத்தங் போகிற வண்டிக்கு அரசிடம் வாங்க வேண்டிய பெர்மிட்டுக்கென்று தனியாக 2,500 ரூபாய் கறந்தார்கள். அரசுக் கட்டணம் 550 ரூபாய்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. அதைக்கூட விட்டுவிடலாம், பெர்மிட்டே எடுக்கவில்லை. எடுத்திருக்கவும் முடியாது, ஏனென்றால் நாங்கள் கிளம்பியது செவ்வாய்க்கிழமை. பராமரிப்புக்காக அன்று ரோத்தங்கிற்குச் சுற்றுலா வண்டிகளை விடுவதில்லை. அந்த ஊரிலேயே தொழில் செய்கிறவருக்கு இது தெரியாதா என்ன?

வழியில் ஓட்டுநர் ஒரு கடை வாசலில் நிறுத்தினார். வரிசையாக எண் போட்ட கடைகள். அவர் நிறுத்துகிற எண்ணில்தான் பனிக்கான கோட்டும் கம்பூட்ஸும் வாடகைக்கு எடுக்க வேண்டுமாம். கமிஷன்தான், வேறென்ன. எனக்குக் கிடைத்த கோட்டில் ஜிப் பாதிவரைதான் ஏறும், அக்குளில் தையல் விட்டுப் பஞ்சு தெரிந்தது. முன்னால் போட்டவரின் வியர்வை வாடையோடு உள்பக்கம் இன்னும் ஈரமாக இருந்தது. திருப்பிக் கொடுத்தபோது அதே கிழிசலைக் காட்டி 500 ரூபாய் கேட்டார்கள். நல்லவேளை, போடும்போதே என் மனைவி கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தாள். படத்தைக் காட்டியதும் கடைக்காரர் அடுத்த வாடிக்கையாளரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பிறகு வண்டி நேராக அடல் சுரங்கப்பாதைக்குள் நுழைந்தது. 2020 அக்டோபரில் திறந்த, 9 கிலோமீட்டர் நீளமுள்ள அருமையான பாதை. குறையே சொல்ல மாட்டேன். ஆனால் அது ரோத்தங்கின் வயிற்றைக் குடைந்துகொண்டு போகிறது. கணவாய் இருப்பது 3,978 மீட்டர் உயரத்தில், தலைக்கு மேலே! அந்தப் பக்கம் வெளியே வந்து, கோக்சர் என்ற ஊரில் சேறு படிந்த ஒரு பனித்திட்டின் அருகில் நிறுத்தி, "இதுதான் ரோத்தங்" என்றார் ஓட்டுநர். எதிரே ஊர்ப்பெயர்ப் பலகை இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்.

மறுநாள் ஹிடிம்பா கோயிலுக்குப் போனோம். 1553இல் கட்டியது, தேவதாரு மரங்களுக்கு நடுவே, மரக்கதவின் செதுக்கல்களைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடலாம். வெளியே மட்டும், கேட்காமலே குழந்தை கையில் அங்கோரா முயலைத் திணித்துவிட்டுப் படத்துக்குக் காசு கேட்பவர்கள் உண்டு. கைகளைக் கட்டிக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள்.

ரோத்தங் போகிறவர்கள் முன்பணம் தருவதற்கு முன் பெர்மிட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் வண்டி எண்ணும் தேதியும் இருக்கும். வருகிற வண்டியின் எண்ணோடு ஒத்துப்பார்த்த பிறகே ஏறுங்கள். ரசீதில் 'ரோத்தங் கணவாய்' என்றே எழுதச் சொல்லுங்கள். எங்கள் ரசீதில் 'சைட் சீயிங்' என்று மட்டும் இருந்தது. அதைக் காட்டித்தான் டிராவல்ஸ்காரர் வாதாடினார்: "பனி பார்த்தீர்களா, இல்லையா?" போலீஸ் என்ற சொல்லை எடுத்ததும் பெர்மிட் பணத்தில் 1,500 வந்தது. மீதி 1,000 இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.