மாலை ஆறரை முதல் பத்தரை வரை

கொழும்புக்குப் பக்கத்தில் தெஹிவளையில் வீடு கட்டி முடித்திருக்கும் தங்கையின் கணவர் போன வாரம் அழைத்தார். "மச்சான், த்ரீ பேஸ் மின் இணைப்பு எடுத்துவிட்டோம். நேரத்துக்கேற்ற மின் கட்டணத்துக்கு மாறலாமா?" மாறுங்கள் என்று உடனே சொல்லிவிட்டேன். தொலைபேசியை வைத்த பிறகு மனம் ஒப்பவில்லை. 2019 முதல் வெள்ளவத்தையில் எங்கள் வீடு இந்தக் கட்டணத்தில்தான் ஓடுகிறது. அவருக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் மாறியபோது, சாதாரண வீட்டுக் கட்டணத்தில் 180 அலகைத் தாண்டினால் மேலதிக அலகு ஒவ்வொன்றும் 45 ரூபா. நேரக் கட்டணத்தில் பகலில் 25, இரவு பத்தரை முதல் அதிகாலை ஐந்தரை வரை 13, மாலை ஆறரை முதல் பத்தரை வரை 54. ஆறு பேரும் இரண்டு ஏசியும் உள்ள வீட்டில் முதல் மாதமே பில் இறங்கியது. பிறகு 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் எகிறியது. இடையில் குறைந்து, 2025 ஜூனில் மறுபடி 15 வீதம் ஏறியது. எத்தனை திருத்தம் வந்தாலும் அந்த நான்கு மணி நேரம்தான் எப்போதும் அதிக விலை.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். நாடு முழுவதும் விளக்கு, தொலைக்காட்சி, சமையல் எல்லாம் ஒன்றாக எழும் நேரம் அது. சூரிய மின்சாரம் ஓய்ந்துவிடும், விலை கூடிய எண்ணெயை எரிக்க வேண்டிவரும். நள்ளிரவிலோ நுரைச்சோலை மின்நிலையத்தின் நிலக்கரி உலை எப்படியும் எரிந்துகொண்டிருக்கும், கேட்பார் குறைவு. இது புரிந்ததால் நாங்களும் பழகிக்கொண்டோம். தண்ணீர் மோட்டரும் இட்லி மாவு அரைப்பதும் அதிகாலை ஐந்து மணிக்கு. சலவை இயந்திரம் இரவு பதினொன்றுக்கு. ஆனால் எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். பிழிகிற சத்தத்தில் அடுத்த வீட்டுக் குழந்தை விழித்து அழுதபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றோடு சலவையைப் பகலுக்கு மாற்றினோம்.

என்னால் பொறுக்க முடியாதது நண்பகல் விலை. காலை ஐந்தரை முதல் மாலை ஆறரை வரை ஒரே பகல் கட்டணம். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்து மின்சாரம் மிஞ்சுகிறது என்று கூரைச் சூரியப் படலங்களைப் பகலில் அணைத்து வைக்குமாறு மின்சார சபை கேட்டது. அதே நாளில், அதே உச்சிவெயிலில் நான் துணி துவைத்தபோது ஒரு சதம்கூடக் குறையவில்லை. மிஞ்சும் நேரத்தில் மலிவாகக் கொடுத்தால் நாங்கள் அள்ளிக்கொள்ள மாட்டோமா?

வியாபாரிகளின் கதை இன்னும் கூர்மையானது. 42 கேவிஏ-க்கு (இணைப்பின் கொள்ளளவு) மேல் இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு இது விருப்பத் தெரிவே அல்ல. நேரக் கட்டணத்தோடு, மாதத்தில் ஒரே நேரத்தில் அதிகபட்சமாக இழுத்த மின்சாரத்தின் அளவுக்கான தனிக் கட்டணமும் சேரும். கொட்டாஞ்சேனையில் பேக்கரி வைத்திருக்கும் நண்பர் நள்ளிரவில் மின்போறணையை மூட்டி விடியுமுன் பாண் இறக்கிவிடுகிறார். அவருக்கு இந்தக் கட்டணம் வரம். கொழும்பின் காலி வீதியில் சாப்பாட்டுக் கடை நடத்தும் இன்னொரு நண்பருக்கு வியாபாரமே இரவு ஏழிலிருந்து பத்துவரைதான். கொத்து ரொட்டி கேட்டு வருகிறவரைப் பதினொரு மணிக்கு வரச் சொல்ல முடியுமா? குளிரூட்டிய மண்டபத்தை இருட்டாக்க முடியுமா? நேரத்தை நகர்த்த முடிந்தவன் பிழைக்கிறான். முடியாதவன் அவனுக்கும் சேர்த்துக் கட்டுகிறான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வீட்டிலும் அப்படித்தான். நகர்த்த முடியாதவர் எங்கள் அம்மா. வயது எழுபத்தெட்டு. ஏப்ரல், மே மாதப் புழுக்கத்தில் எட்டு மணிக்கே படுக்கைக்குப் போய்விடுவார். ஏசியைப் போடச் சொல்லிக் கேட்டதே இல்லை. மின்விசிறியின் கீழ் விழித்துக் கிடந்து, "தம்பி, பத்தரை ஆகிவிட்டதா?" என்று மட்டும் கேட்பார். இத்தனை ஆண்டுகளாக அந்தக் கேள்விக்கு மணியைச் சொல்லியிருக்கிறேன். அவர் கேட்டது மணியை என்றே நினைத்துவிட்டேன்.

ஆகவே மச்சான், கணக்கு வேண்டுமென்றால்: உங்கள் வீட்டில் பகலிலும் நடுச்சாமத்திலும் செலவு அதிகமென்றால் இலாபம் நிச்சயம். எங்களுக்கும் இலாபமே. ஆனாலும் மாறுங்கள் என்று சொன்னதை மீளப்பெறுகிறேன். உங்கள் வீட்டிலும் வயதான மாமி இருக்கிறார், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறாள்.

நான் இந்தக் கட்டணத்திலேயே தொடர்வேன். அம்மாவின் அறை ஏசி மட்டும் செவ்வாய்க்கிழமையிலிருந்து ஏழரை மணிக்கே ஓடுகிறது. முதல் நாள் அவரே எழுந்து வந்து அணைத்துவிட்டார். இப்போது ரிமோட்டை என் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன்.