1965 ஜி.டி.ஓ. என்று சொல்லி லெமான்ஸை என் தலையில் கட்டிவிட்டார்கள்: பழைய அமெரிக்கக் கார் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து படிக்கவும்

நேற்று பேப்பர் கைக்கு வந்தது. 54,000 டாலர் கொடுத்து நான் வாங்கிய 1965 பாண்டியாக் ஜி.டி.ஓ., ஜி.டி.ஓ.வே கிடையாது. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்று அது அதே பாண்டியாக்கின் சாதா லெமான்ஸ். 326 கன அங்குல எஞ்சின், இரண்டு கியர் ஆட்டோமேட்டிக். அந்தக் காலத்து பில்லின் நகலில் தெள்ளத்தெளிவாக இருக்கிறது. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. இங்கே மிச்சிகனில் நம்மவர்கள் சிலரும் இந்தப் பழைய வண்டிகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் சூட்டோடு சூடாக எழுதுகிறேன்.

கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பக்கத்து மாநிலத்தில் பெரிய ஷோரூம். அடுத்தவர்களின் பழைய கார்களை நிறுத்தி வைத்து கமிஷனுக்கு விற்றுக் கொடுப்பார்கள். இணையத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் நூறு படம் போடுவார்களே, அந்த ரகம்.

விஷயம் புரிய கொஞ்சம் கதை சொல்ல வேண்டும். 60களில் ஜெனரல் மோட்டார்ஸ், நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்று தன் கம்பெனிகளுக்கு விதி போட்டிருந்தது. அதில் ஒன்றான பாண்டியாக்கில் எஞ்சினியர் ஜான் டிலோரியனும் அவர் குழுவும் அந்த விதிக்குள் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். 389 எஞ்சினைத் தனி மாடலாக விற்காமல், டெம்பெஸ்ட் வரிசையின் லெமான்ஸ் காரை வாங்குபவர் 300 டாலருக்குள் கூடுதலாகக் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் ஆப்ஷனாக 1964-ல் விட்டார்கள். அதுதான் ஜி.டி.ஓ. 1965-லும் அது ஆப்ஷன்தான். அதனால் இந்த இரண்டு வருடமும் ஜி.டி.ஓ.வாக இருந்தாலும் சாதா லெமான்ஸாக இருந்தாலும் வின் நம்பர், அதாவது காரின் அடையாள எண், ஒரே மாதிரிதான் தொடங்கும்; 1965-ல் 237 என்று. 1966-ல் தனி மாடல் ஆன பிறகுதான் 242 வந்தது. 1966 வண்டியில் 237 இருந்தால் போலி என்று குழந்தை கூடச் சொல்லிவிடும். 1965-ல் நம்பரைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஏமாற்றுகிறவனுக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்?

இதற்கு ஒரே மருந்து பி.ஹெச்.எஸ். பேப்பர். பாண்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற நிறுவனத்திடம் 1961 முதலான பாண்டியாக் கார்களின் பில் பதிவுகள் இருக்கின்றன. வின் நம்பரையும் பணத்தையும் அனுப்பினால் நகல் தருவார்கள். எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ், என்னென்ன ஆப்ஷன், எல்லாம் அதில் இருக்கும்.

அந்தக் கடையின் விளம்பரத்தில் என்ன போட்டிருந்தது தெரியுமா? "அசல் ஜி.டி.ஓ., பி.ஹெச்.எஸ். ஆவணங்களுடன்." நேரில் போனேன். நரைத்த தலை, அறுபதைத் தாண்டிய சேல்ஸ்மேன். இளம்வயதில் இந்தக் கம்பெனியின் ஆலை இருந்த பாண்டியாக் ஊரிலேயே, அசெம்பிளி லைனில் வேலை பார்த்தவராம். பானட்டைத் தூக்கினார். மூன்று கார்புரேட்டர், ட்ரை-பவர், 360 குதிரைத்திறன் என்றார். கிரில்லில் ஜி.டி.ஓ. எழுத்து, முன்சக்கரத்துக்குப் பின்னால் 6.5 லிட்டர் சின்னம், நான்கு கியர் லீவர், எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. சாவியை என் கையில் கொடுத்து ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். பேப்பர் எங்கே என்று கேட்டேன். தன் போனில் ஒரு படம் காட்டினார். பி.ஹெச்.எஸ். நகல்தான், ஜி.டி.ஓ. ஆப்ஷன் வரியும் இருந்தது. மேலே வின் நம்பர் இருக்கும் இடம் மட்டும் கறுப்பாக அடிக்கப்பட்டிருந்தது. "ஓனரோட பாதுகாப்புக்காக, எல்லா வண்டிக்கும் இப்படித்தான் சார் செய்வோம். ஒரிஜினல் அவர் லாக்கரில் இருக்கு, டைட்டிலோடு, அதான் வண்டியோட உரிமைப் பத்திரத்தோடு, சேர்ந்து தபாலில் வந்துவிடும்" என்றார். நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே விற்பனைத் தாளின் ஓரத்தில் "பி.ஹெச்.எஸ். பின்னர் அனுப்பப்படும்" என்று தன் கையாலேயே எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார். இவ்வளவு செய்கிற ஒரு பெரிய மனுஷனை எப்படிச் சந்தேகப்படுவது? 54,000 டாலரை பேங்க் மூலமாக அனுப்பினேன். இத்தனை வருடச் சேமிப்பு.

டைட்டில் வந்தது. பேப்பர் வரவில்லை. போன் செய்தால் "போஸ்டில் போட்டாச்சே." மறுபடி கேட்டால் "ஓனர் ஃப்ளோரிடா போயிருக்கார், வந்ததும் எடுத்துத் தருவார்." அப்புறம் அந்த சேல்ஸ்மேன் வேலையை விட்டுவிட்டார் என்றார்கள். மேனேஜரைக் கேட்டால் மீட்டிங். மெயில் போடுங்கள். போட்டால், உங்கள் கோரிக்கை பதிவாகியுள்ளது என்று தானியங்கி பதில்.

இதற்குள் கார்புரேட்டர் சரிபார்க்க ஒரு பழைய கார் மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் டிக்கி மூடியைத் திறந்து உள்பக்கம் விரலை வைத்துக் காட்டினார். ஜி.டி.ஓ. எழுத்துகளைப் பொருத்திய துளைகளின் விளிம்பில் பழைய பெயிண்ட் இல்லை, வெற்று இரும்பு பிசிறு பிசிறாக நிற்கிறது. பக்கத்திலேயே வேறு துளைகளை அடைத்துத் தேய்த்த பட்டித் தடம். எஞ்சின் 389தான், ஆனால் பிளாக்கில் குத்தியிருக்கும் குறியீடு பெரிய பாண்டியாக் ஒன்றினுடையது. "பேப்பரை நீங்களே நேரா வரவழைங்க" என்றார். வரவழைத்தேன். நேற்று வந்தது அதுதான்.

உடனே மேனேஜருக்கு போன் அடித்தேன். இந்த முறை எடுத்துவிட்டார். அவர் சொன்னதைக் கேட்டால் உங்களுக்கும் ரத்தம் கொதிக்கும். "பெயர்தானே சார்? பாண்டியாக் கம்பெனியே 2004-ல் ஆஸ்திரேலிய ஹோல்டன் மொனாரோவைக் கொண்டுவந்து ஜி.டி.ஓ. என்று விற்றதே. லெமான்ஸ் பெயரை கொரியாவில் டேவூ செய்த சின்னக் காருக்கு வைத்தார்களே. ஷெவர்லே நோவா என்று டொயோட்டா கரோலாவை விற்கவில்லையா? டாட்ஜ் சேலஞ்சர் என்று மிட்சுபிஷியை விற்கவில்லையா? ஜி.டி.ஓ. என்ற பெயரே ஃபெராரியிடம் எடுத்ததுதான்."

அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. அதுதான் எரிச்சல். அந்த கொரியா லெமான்ஸின் வழியில் வந்ததுதான் 90களில் நம் ஊர் ரோட்டில் ஓடிய டேவூ சியலோ. நோவா கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் ஆலையில் டொயோட்டா கூட்டில் செய்தது. ஆனால் அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. 2004 ஜி.டி.ஓ.வின் வின் நம்பர் 6-ல் தொடங்கும், ஆஸ்திரேலியா. 1988 லெமான்ஸின் நம்பர் கே.எல். என்று தொடங்கும், கொரியா. எங்கே பிறந்தது என்று வண்டியிலேயே எழுதி, அதற்குரிய விலைக்குத்தான் விற்றார்கள். கெஜட்டில் போட்டு ஊரறியப் பெயர் வைத்துக்கொள்வதும், அடுத்தவன் சான்றிதழில் தன் போட்டோவை ஒட்டுவதும் ஒன்றா? லெமான்ஸ் ஒன்றும் கேவலமான கார் இல்லை. லெமான்ஸ் என்று சொல்லி லெமான்ஸ் விலை கேட்டிருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன்.

ஜி.டி.ஓ. ஆக்கிய லெமான்ஸ் என்று உண்மையைச் சொல்லி விற்றால் 30,000 கிடைத்தாலே பெரிது என்கிறார் மதிப்பீட்டாளர். ஆக 54,000-ல் 24,000 டாலர் போயே போச்சு. கடையோ ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கும் இரண்டு வரியைக் காட்டுகிறது: உள்ளது உள்ளபடி விற்பனை, விவரங்கள் உரிமையாளர் தந்தவை. அப்படியானால் ஓரத்தில் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டது யார்? அதற்கு மட்டும் பதிலே இல்லை. அந்தத் தாளை வைத்துத்தான் வக்கீல் நோட்டீஸ் தயார் செய்கிறார். 24,000 டாலரை விடப்போவதில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. முக்கியமானது மட்டும். 1964, 1965 ஜி.டி.ஓ. என்றால் பி.ஹெச்.எஸ். நகலை நீங்களே வரவழைத்துப் பாருங்கள், அதற்கு முன்னால் அட்வான்ஸ் கூடக் கொடுக்காதீர்கள். நம்பரை மறைத்த படம் எதையும் ஏற்காதீர்கள். ஷெவர்லேயின் ஷெவல் எஸ்.எஸ். கார் தேடுகிறவர்களும் கவனம், 1969 முதல் அதுவும் ஆப்ஷன்தான், வின் நம்பர் காட்டிக்கொடுக்காது. சொந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போய் டிக்கி மூடியின் உள்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வாயால் சொன்னதையெல்லாம் எழுதி வாங்குங்கள்.

இன்று காலை அதே கடையின் பக்கத்தைப் பார்த்தேன். புதிதாக ஒரு 1964 கன்வர்ட்டிபிள் போட்டிருக்கிறார்கள், சிவப்பு நிறம். "அசல் ஜி.டி.ஓ., ஆவணங்கள் பின்னர்" என்று எழுதியிருக்கிறது. நம்மவர் யாராவது அதற்குப் பேசிக்கொண்டிருந்தால் பணம் அனுப்பாதீர்கள், முதலில் எனக்கு மெசேஜ் பண்ணுங்கள்.